காலி ஜாடிகள், நாற்பத்தெட்டு

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்:
கிழக்கு ஓரிகன், நாற்பது ஏக்கர்,
குடியேறத் தோதானது, மலை தெரியும்.
மலை தெரிந்தது. குறை சொல்வதற்கில்லை.
எவ்வளவு நேரம் ஓட்டினாலும்
அதே தூரத்தில் தெரிந்தது.

ஓரின் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து
நுனிநாக்கில் வைத்துப் பார்த்தான்.
உப்பு, என்றான்.
கொஞ்சம்தான், என்றான்.
மனசு ஏற்கெனவே போய்விட்டவன் பேச்சு அது.
என் சந்தேகம் காரை விட்டு இறங்கி
எங்கள் பின்னாலேயே நடந்து வந்தது.

கவுண்டி அலுவலகம் புதனும் வியாழனும் மட்டும்.
மைட்டே எச்செவெரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கிணற்றுப் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பினாள்.
ஜாதகம் பார்ப்பதுபோல் விரல் வைத்து வாசித்தோம்:
எழுபத்து நாலில் நூற்று நாற்பது அடி.
தொண்ணூற்றெட்டில் முந்நூற்றுப் பத்து.
போன கோடையில், பக்கத்து நிலத்தில்,
அறுநூற்று இருபது.
அதற்கு நேரே ஒரே ஒரு சொல்: வறண்டது.
கிணறு வெட்டப் பூதமாவது கிளம்பியிருக்கலாம்,
பேச்சுத் துணைக்காவது ஆகியிருக்கும்.

ஓடை இருக்கிறதே, என்றான் ஓரின்.
"ஓடை உங்கள் நிலத்தில்தான் ஓடுகிறது.
தண்ணீர் உங்களுடையதில்லை.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில்
எழுதிக் கேட்டவருக்குத்தான் முதல் பங்கு.
அவர் செத்துவிட்டார்.
அவர் போட்ட குதிரைமசால் சாகவில்லை."
சிரிக்காமல் சொன்னாள்.
பலருக்குச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

உறைபனி இல்லாத நாட்கள் எத்தனை, என்று கேட்டேன்.
"எழுபது. சில வருஷம் அறுபது.
ஆகஸ்டில் ஒரு ராத்திரி உறையும்.
எந்த ராத்திரி என்று சொல்வதற்கு
எனக்குச் சம்பளம் போதாது."

தீவனக்கடை வாசலில் ஓரின்
காற்றின் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் அறிவிப்புப் பலகையை வாசித்தேன்.
ஆட்டுக் கொட்டில், பிரித்து எடுத்துக்கொள்ளவும்.
சூரியத் தகடு ஆறு, ஒன்றில் விரிசல்.
கழுதை, இலவசம், நல்ல சுபாவம்.
இரட்டைக் கட்டில், அவசரம்.
கண்ணாடி ஜாடிகள், மூடியோடு, நாற்பத்தெட்டு.
லூவெல்லா கிராண்டால்.

பதினொரு மைல் மண்சாலை,
பற்கள் ஆடுமளவு வரிவரியாக.
வழியில் ஒரு பள்ளிக்கூடம்,
ஜன்னல்களில் பலகை அடித்து,
கொடிக்கம்பத்தின் உச்சியில் பருந்து.
ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும் என்று
மைட்டேயிடம் கேட்க மறந்திருந்தேன்.
லூவெல்லாவின் ஃபிரிட்ஜ் கதவில்
அவசரத்துக்கு என்று மூன்று எண்கள் ஒட்டியிருந்தன,
மூன்றும் அக்கம்பக்கத்தார்.
இரண்டை அடித்திருந்தாள்.

வராதீர்கள் என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.
பதினொரு வருஷம், என்றாள்.
பன்னிரண்டு, என்று திருத்திக்கொண்டாள்.
முட்டைக்கோஸ் நன்றாக வரும்.
காற்று பழகிவிடும்,
பழகாவிட்டால் கத்திப் பேசப் பழகிவிடும்.
பிறகு ஏன் போகிறீர்கள்?
முழங்கால், என்றாள்.
வேலிக்கு அப்பால் பார்த்து
இன்னொன்றும் சொல்ல வாயெடுத்தவள்
ஜாடிகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

நிலத்துக்கு முன்பணம் கொடுக்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
பெண் பார்த்துவிட்டு
ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்பதுபோல
பிப்ரவரியில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்
என்றான் ஓரின் தரகரிடம், என் முகம் பார்க்காமல்.

எல்லைப் பலகை தாண்டும் வரைக்கும்
பின்சீட்டில் நாற்பத்தெட்டும்
ஒன்றையொன்று இடித்துப் பேசிக்கொண்டே வந்தன.
பெட்ரோல் போட நின்ற இடத்தில்
ஒன்றைக் கையிலெடுத்தேன்.
கழுவியும் போகாத ஒட்டுச்சீட்டு,
பென்சிலில் சாய்ந்த எழுத்து:

தக்காளி, பாதி பச்சை.
ஆகஸ்ட் பத்தொன்பது.
இன்று ராத்திரி உறையும்.