எந்த உயரத்தில்

கொருக்குப்பேட்டை சமூகக் கூடத்தில்
விளக்கு சுவிட்சுகளை மாற்ற வேண்டும்.
பொருளாளர் என்ற முறையில்
எனக்கு வந்து சேர்ந்தவை
நாலு கொட்டேஷன், ஒரு தலைவலி.

பழைய போர்டில் பதினெட்டு சுவிட்ச்.
எது எந்த விளக்குக்கு என்பது
வாட்ச்மேன் ஏசுபாதத்துக்கு மட்டும் தெரியும்.
அவர் ஊருக்குப் போயிருந்த வாரம்
மணமேடைக்குப் பதில்
கை கழுவும் இடம் ஜொலித்தது.
கெட்டிமேளம் தொடங்கியதும்
மொத்தமும் அணைந்து
இருட்டில் யாரோ விசிலடித்தார்கள்.

முதலில் வந்தவன் தினகர்,
மே மாதத்தில் கோட்டுப் போட்ட பையன்.
கண்ணாடித் தகடு ஒன்றைச்
சுவரோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினான்.
விரல் பட்டாலே போதுமாம்.
பார்ட்டி, சினிமா, ரிலாக்ஸ்
என்று மூன்று காட்சிகள்.
பதினாறாம் நாள் காரியத்துக்கு
எதைத் தொடணும் தம்பி, என்றேன்.
கொஞ்சம் யோசித்து
ரிலாக்ஸ் என்றான்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

தலைவர் நாகரத்தினத்துக்குக்
கண்ணாடி பிடித்துவிட்டது.
பெரம்பூரில் அவர் சம்பந்தி எடுத்த மண்டபத்தில்
இதேதான் இருந்ததாம்.
சமையல்கட்டிலிருந்து வந்த ரவணம்மா
சாம்பார்க் கையோடு தொட்டாள்.
கண்ணாடி அவளை மதிக்கவில்லை.
கழுவிவிட்டு வந்த ஈரக் கையையும் மதிக்கவில்லை.
முந்தானையில் துடைத்துத் தொட்டபோது
கூடம் முழுக்க ஒரே நீலம்.
"ஐய, எனுக்கு டக்குனு சத்தம் கேக்கணும்"
என்று திரும்பிப் போனாள்.
கண்ணாடி அங்கேயே தோற்றுப்போனது.
இருட்டில் அந்த டக் என்பது
பாதி வெளிச்சம்.

ஆனாலும் ஒரு டிம்மர் கேட்டு வாங்கினேன்,
விலையில் நாகரத்தினம் முகம் சுளிக்கச் சுளிக்க.
ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தக் கூடத்தில்
நூறு பேர் பாய் விரிக்கிறார்கள்.
முழு வெளிச்சத்தில் குழந்தைகள் தூங்காது.
முழு இருட்டில் பெண்கள் தூங்கமாட்டார்கள்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு திருகு வேண்டும்.

அப்புறம்தான் உயரம்.
எலக்ட்ரீஷியன் மொய்தீன்
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.
சுவரில் இன்னும் இருக்கிறது பழைய வெள்ளத்தின்
பழுப்புக் கோடு, என் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே.
நாலடி. அதற்கு மேலே ஒன்றரை விட்டு
அஞ்சரை அடியில் போர்டு, என்று கோடு கிழித்தார்.
எல்லோரும் தலையாட்டினோம்.

தமயந்தி ஆட்டவில்லை.
மாலை டியூஷனுக்குப் பூட்டைத் திறப்பவள் அவள்தான்.
திறந்துவிட்டு, சக்கர நாற்காலியில்,
எட்டாங்கிளாஸ் பையன் எவனாவது வரும்வரை
இருட்டோடு உட்கார்ந்திருப்பாள்.
ஆறு வருஷமாக.
எங்கள் யாருக்கும் அது தெரியாது,
அல்லது தெரியும்.
"எனக்கு எட்டுறது மூணே முக்கால்" என்றாள்.
"தண்ணி வருஷத்துல நாலு நாள் வருது.
நான் தினமும் வரேன்."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
நாகரத்தினம் போனை எடுத்துப் பார்த்தார்,
அதில் ஒன்றும் இல்லை.

மொய்தீன் பையைக் குடைந்து
தீப்பெட்டி மூன்றைச் சேர்த்த அளவில்
வெள்ளைச் சுவிட்ச் ஒன்றை எடுத்தார்.
ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது.
அழுத்துகிற விசையே அதற்குக் கரண்ட்.
"இதைச் சுவத்துல ஒட்டிடலாம்மா.
தண்ணி வந்தா பிச்சி எடுத்து
மடியில வெச்சுக்குங்க."
எவ்வளவு என்றேன், பழக்கதோஷம்.
இரண்டாயிரத்து நூறு.

எங்கே ஒட்டுவது என்று
யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.
நாற்காலியை உருட்டிப் போய்
பழுப்புக் கோட்டுக்குக் கீழே
உள்ளங்கையை வைத்துப் பார்த்து
சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள்.

டக்.

கை கழுவும் இடத்தில் விளக்கு எரிந்தது.
மொய்தீன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
தமயந்தி அணைத்தாள்.
மறுபடி போட்டாள்.
மறுபடி அணைத்தாள்.
நாளைக்கு மாத்திடறேன் என்று
அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்,
அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.