பதினேழு

பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தடியில்
அண்ணனுக்கு ஒரு கல் இருக்கிறது.
சேப்பர் து. முனிரத்தினம்.
அதன் கீழே பட்டாள எண், அதன் கீழே
17-12-1971.
பெயர் சரி. எண் சரி.
தேதி மட்டும் தந்தி வந்த தேதி.

அவன் போனது ஏழாம் தேதி.
கடுகு பூத்த வயலில் கண்ணிவெடி விலக்கி
பட்டாளம் கடக்க வெள்ளை நாடா கட்டும்போது.
இதை அரசாங்கம் சொல்லவில்லை.
நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த
பள்ளிகொண்டாக்காரர் ஒருவர்
அடுத்த சித்திரையில் ஊன்றுகோலோடு வந்து
கொடுத்த மோரைத் தொடாமல்
சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

ஏழுக்கும் பதினேழுக்கும் நடுவே
நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று
விரல்விட்டு எண்ணியிருக்கிறேன்.

மல்லாட்டை உரித்தோம்.
திரண்ட பருப்பாக இரண்டு படி
அவனுக்கென்று அம்மா தனியே முடிந்து வைத்தாள்.
மாடு கன்று போட்டது, கிடாரி.
ஒடுகத்தூர் சந்தையில் அப்பா
கயிறு விற்பவனோடு நாலணாவுக்குச் சண்டை போட்டார்.
ஒன்பதாம் தேதி நான் கடுதாசி எழுதினேன்:
ஸ்வெட்டர் வந்து சேர்ந்ததா இல்லையா,
வாயைத் திறந்து சொல்லேன்.
வாயைத் திறந்து சொல்லேன் என்று
செத்து இரண்டு நாள் ஆனவனுக்கு எழுதினேன்.

பதினாறாம் தேதி ராத்திரி
டீக்கடை ரேடியோ ஜெயித்துவிட்டோம் என்றது.
தெருவெல்லாம் வெடி.
அப்பா கடன் சொல்லி அரை மணங்கு வெல்லம் வாங்கி
உடைத்து உடைத்துக் கொடுத்தார்.
"பையன் பொங்கலுக்கு வந்துடுவான்" என்றார்,
கேட்டவருக்கும் கேட்காதவருக்கும்.
மறுநாள் காலை போஸ்ட்மேன் வகாப்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
ஏறி மிதித்துத்தான் வருவார் எப்போதும்.
அம்மாவின் விரலில் அப்போதும் வெல்லப் பிசுக்கு.

உடல் வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள்.
தகரப் பெட்டி வந்தது.
அதற்குள் ஸ்வெட்டர் இருந்தது,
போட்டு, துவைத்து, மடித்த ஸ்வெட்டர்.
என் கடுதாசியும் திரும்பி வந்தது,
ஒட்டிய பசை பிரியாமல்.

கல் வைத்த தாசில்தார் கையில்
தந்திக் காகிதம்தான் இருந்தது.
வருஷா வருஷம் பதினேழாம் தேதி
சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து
மெடல் குத்திய பெரியவர்கள் வருவார்கள்.
பிள்ளைகள் மார்கழிப் பனியில் இருமிக்கொண்டே
சல்யூட் அடிப்பார்கள்.
பிறகு சுண்டல்.

மூன்றாம் வருஷம் அப்பா கொத்தரைக் கூட்டி வந்தார்.
"பெரிய வேலை இல்லீங்க.
அந்த ஒண்ணை அடைச்சுட்டா ஏழாயிடும்.
ஒரு கரண்டி சிமென்ட்டு."
குழைத்தும்விட்டார்.
அம்மா குறுக்கே போய் நின்றாள்,
கல்லை முதுகால் மறைத்து.
"அந்தப் பத்து நாளும் எனக்கு எம்புள்ள இருந்தான்யா.
அதைப் பூசிடாதே."
அப்பா கூலி கொடுத்து அனுப்பினார்,
செய்யாத வேலைக்கு.
சிமென்ட் வேலியோரம் இறுகிக் கிடந்தது வெகுநாள்.

ஏரிக்கரையில் ஒரு வேடியப்பன் கல் உண்டு.
கையில் வில், மார்பில் அம்பு.
யார் மகன், எந்த மாதம், ஒருவருக்கும் தெரியாது.
பொங்கல் வைக்கிறோம், எண்ணெய் பூசுகிறோம்.
அவன் விழுந்த சேதி வந்து சேரும்வரை
யாரோ ஒருத்தி அவன் பங்குச் சோற்றை
மூடித்தான் வைத்திருப்பாள்.

அம்மாவும் போய்விட்டாள்.
புதுத் தலைமையாசிரியை நேற்று கேட்டார்:
"தேதி தப்பாமே, மாத்திடலாமா?
வாரிசு நீங்கதான், ஒரு கையெழுத்து போதும்."
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏழாம் தேதி பள்ளிக்கூடம் விட்டபிறகு
நான் தனியே போவது அவருக்குத் தெரியாது.
அந்த ஒன்றைக் கட்டைவிரலால் மூடுவேன்.
இறந்திருப்பான்.
விரலை எடுப்பேன்.