கோட்டுக்கு மேலே

டிசம்பர் தாளைக் கிழித்து அதன் முதுகில்
வரைந்து வைத்திருந்தேன் புதுச் சமையலறையை.
கெடிலம் பார்த்த பின்னறையிலிருந்து
தெருப்பக்க அறைக்கு
பதினோரு அடிதான் நகர்கிறது.
அந்தப் பதினோரு அடிக்கு
ஒயர் மட்டும் இரண்டு கட்டு என்கிறார் கலிமுல்லா.

பரங்கிப்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்
டீயைக்கூடத் தொடாமல் கேட்டது:
"அக்கா, எட்டிப் பிடிக்காம
எவ்வளவு உசரம் கை போகும் உங்களுக்கு?"
இருபத்திரண்டு வருஷமாக
இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

பழைய அறையில் ஒரே பாயிண்ட்,
கதவுக்குப் பின்னால்.
மிக்ஸி ஓட வேண்டுமென்றால் கதவைச் சாத்த வேண்டும்.
சாத்தினால் மிளகாய்க் கமறல் எனக்கு மட்டும்.
கிரைண்டரின் ஒயர்
நிலைப்படி தாண்டிக் கூடத்துக்குப் போகும்.
அதை மிதிக்காமல் நடக்கப் பழகியபடியே
பெரியவன் கல்லூரிக்குப் போய்விட்டான்.

எண்ணச் சொன்னார், எண்ணினேன்.
ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், வாட்டர் ஃபில்டர்,
சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கு இண்டக்ஷன்.
"கிரைண்டரையும் இண்டக்ஷனையும்
ஒரே லைன்ல ஏத்த வேணாம்.
டிரிப் ஆனா மாவு பாதியில நிக்கும்."
மாவு பாதியில் நிற்பது என்னவென்று
தெரிந்த மனிதர்.

கூடத்திலிருந்து இவர்:
"இத்தனை எதுக்கு? ஒரு நேரத்துல ஒண்ணுதானே ஓடும்?"
காலை ஆறு ஐம்பதுக்கு
ஒருநாள் உள்ளே வந்து நின்றிருந்தால்
கேட்டிருக்க மாட்டார்.

ஃப்ரிட்ஜுக்குத் தரையிலிருந்து ஓரடியில்
சாக்பீஸால் குறி போட்டார் கலிமுல்லா.
நான் அவரை ஜன்னலுக்குக் கீழே அழைத்துப் போய்
இரண்டு பூச்சு பெயிண்டுக்கு அடியிலும்
லேசாகத் தெரிகிற கோட்டைக் காட்டினேன்.
என் இடுப்புக்கு ஒரு சாண் கீழே.
ஆறு உள்ளே வந்து நின்ற இடம்.

அன்றைக்குத் தண்ணீர் ஏற ஏற
பிளக் ஓட்டைகளில் குமிழி வந்தது.
மெயினை அணைக்க
மரக்கட்டில்மேல் ஏறித் துடைப்பக் கட்டையை நீட்டினார் இவர்.
வெள்ளக் கதைகள் எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறோம்,
அதை மட்டும் சொன்னதில்லை.

கலிமுல்லா ஒன்றும் பேசவில்லை.
ஓரடிக் குறியை உள்ளங்கையால் அழித்துவிட்டு
நாலரை அடியில் போட்டார்.
"பைப்பை மேலேருந்தே இறக்கிடறேன்" என்றார்.
"நேராத்தான் வெட்டுவேன்.
குறுக்கே போனா ஒயர் மிச்சம்தான்,
ஆனா நாளைக்கு நீங்க
காலண்டர் ஆணி எங்க அடிப்பீங்கன்னு
எனக்குத் தெரியாது."

கடைசியாக ஜன்னலோரம்
ஒரு சின்ன பாயிண்ட் கேட்டேன்.
"அது எதுக்குக்கா?"
தெரியவில்லை.
ஃபேனாக இருக்கலாம், ரேடியோவாக இருக்கலாம்,
ஒன்றுமே சொருகாமலும் இருக்கலாம்.
பட்டியலில் ஏதாவது எழுத வேண்டுமே.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்:
சும்மா – 1.

நாலாம் நாள், பூசுவதற்கு முன்
வெட்டிய சுவரைப் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னார்.
போனை நீட்டினேன்.
அளவுக்கு டேப்பைப் பிடித்து நின்றார் இவர்.
நாலரை அடியில் ஒரு விரல்,
கோட்டில் ஒரு விரல்.
நான் எடுத்து முடித்த பிறகும்
கையை எடுக்கவில்லை.
கழித்துப் பார்க்கிறார் போல.