கருத்துப் படிவம்

பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் பதினேழு வருடம்
பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டில் இருந்தவன் நான்.
காலுக்குக் கீழே கடல், கப்பல், எறும்பளவு ஆட்கள்.
நாற்பதடிப் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் லாரிமேல் வைப்பேன்.
'டங்'கென்று சத்தம் கேட்டால்
அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆகவே சொல்கிறேன்,
இறக்கி வைக்கத் தெரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

காலை எட்டுப் பத்து. இரும்புக் கதவில் இரண்டு தட்டு.
என் மனைவி அந்நேரம் சாங்கியில்
யாரோ ஊருக்குப் போகும் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.
தாஸின் செருப்பை விட்டு உள்ளே வருவாள்,
கை கழுவுவாள்,
ஈரக் கையைத் துடைத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொள்வாள்.
சூடேறிய பிறகுதான் என்னைத் தொடுவாள்.
நெஞ்சுக்குக் கீழே எனக்குக் குளிரும் இல்லை, சூடும் இல்லை.
ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஒரு மழைநாள்
இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.
சொல்லியிருக்கிறேன்.
ஆனாலும் வைத்துக்கொள்வாள்.

மோல்மீன்காரி. மூன்றே மூன்று தமிழ் வார்த்தை:
வலிக்குதா. மெதுவா. போதும்.
இந்த வீட்டுக்கு நாலாவது தேவைப்பட்டதில்லை.

மூத்திரப் பையை வெளிச்சத்தில் பிடித்து
அளவு பார்த்து எழுதுவாள்.
அவள் முகத்தில் ஒரு சுளிப்பை
மாதக்கணக்கில் தேடியிருக்கிறேன்,
திருடனைத் தேடுவதுபோல்.
அகப்படவில்லை.

முதுகுக்கடியில் துணித்தொட்டில், நான்கு கொக்கி.
ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பாள்.
முடித்ததும் மறுபடி முதல் கொக்கி.
நானும் அப்படித்தான் செய்வேன்.
கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே
அந்தரத்தில் நான் தொங்கும்போது
ஜன்னலில் என் பழைய பாரந்தூக்கிகள் தெரியும்,
வரிசையாக, கழுத்தை நீட்டிக்கொண்டு.
அந்த இடத்தில் மட்டும் பொத்தானிலிருந்து விரலை எடுப்பாள்.
ஒரு மூச்சு நேரம்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

இன்று கைப்பேசியில் நிறுவனத்தின் படிவம்.
பணியாளர் நேரத்துக்கு வந்தாரா?
மரியாதையாக நடந்துகொண்டாரா?
ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம்.
கருத்து இருந்தால் இருநூறு எழுத்துக்குள்.
(அவள் கை கழுவி முடிப்பதற்குள்
இருநூறும் தீர்ந்துவிடும்.)
வருடாந்தரப் பாராட்டு விழாவுக்காம்.
கெடு: இன்று நண்பகல்.

கைப்பேசியைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.
வீட்டில் இருந்த ஒரே கை அவளுடையது.
"நான் பார்க்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொல்லி
என் மடிக்கு மேலே பிடித்துக்கொண்டு
தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.
தேக்கா மளிகைக்கடை நாட்காட்டியை
அவ்வளவு கவனமாய் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மிச்சம் வலக்கையில் ஒரு விரல்முட்டி.
குறி பார்த்தேன். ஐந்தாவது நட்சத்திரம், வலதோரம்.
மில்லிமீட்டர் பிசகாமல் கப்பலைக் காலி செய்த கை.
இழுப்பு வந்தது.
மூன்றில் இறங்கியது.
வழுக்கி, 'அனுப்பு' மேல் விழுந்தது.

அனுப்பப்பட்டது. நன்றி.

"ஓகேயா?" என்றாள் நாட்காட்டியிடம்.
மூன்றுதான் விழுந்தது தாஸின், ஐந்து இல்லை, மூன்று,
கை, இந்தக் கை...
திரும்பியவள் திரையைப் பார்க்கவில்லை.
நடுங்கிக்கொண்டிருந்த விரல்களை
ஒவ்வொன்றாய் நீவி, பிரித்து, மடியில் வைத்தாள்.
"வலிக்குதா?"
இல்லை.
"போதும்."

பத்து மணிக்கு அடுத்த புளோக்,
கண் தெரியாத வயலின் வாத்தியார் திரு. கோ.
கையில் செருப்புடன் லிஃப்டுக்கு ஓடினாள்.

இப்போது இரவு. நான் சொல்லச் சொல்ல
மனைவி எழுதுகிறாள். அவள் விரலில்
தரைமருந்து வாசம் இன்னும் போகவில்லை.
எழுது:
மீதி இரண்டு நட்சத்திரத்தையும்
இங்கே இறக்கி வைக்கிறேன்.

சத்தம் கேட்டதா?