இடது கால்

ஏழு மணிக்கு இரண்டாம் கிடங்கின் மூடி திறந்தது.
உள்ளே அரிசி. ஐம்பது கிலோ மூட்டைகள்,
இரும்புச் சுவருக்கு இரும்புச் சுவர்.
ஏணியில் பாதி இறங்கும்போதே தூசி மூக்கில் ஏறும்.
முதலில் தும்முவது கெர்ஃபல்லா.
அதை வைத்து மழை வருமா என்று சொல்வான் பாங்குரா,
கரையில் குடைக்கடியில்
கணக்குப் புத்தகத்தோடு குந்தியிருப்பவன்.

கொனாக்ரியில் ஆகஸ்ட் மாதத்து மழையைச் சொல்ல
தும்மல் வேண்டியதில்லை.

கிடங்குக்கு எட்டுப் பேர்.
வலையை விரி. நாற்பது மூட்டை அடுக்கு.
கொக்கியை மாட்டு. விலகு.
இந்த 'விலகு' ஒரு சொல்லைத்தான்
இங்கே படிக்க வேண்டியிருக்கிறது.
நபி சூமா போன வருடம் அதைப் பாதி கேட்டான்.
இப்போது துறைமுக வாசலில் சிம்கார்டு விற்கிறான்,
சில்லறையைப் பல்லில் கடித்தபடி,
ஒரே கையால்.

பத்தரைக்கு வானம் இறங்கியது.
மூடு மூடு என்று மேலே கூச்சல்.
ஏறி வந்து கொட்டகையில் ஒதுங்கினோம்.
லோஸ் தீவுகள் இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது,
செங்குத்தாக.
மழை நேரத்துக்கு எங்களுக்குக் கூலி இல்லை.
கெடு தாண்டிய கப்பலுக்கு
மணிக்கணக்கில் யாரோ அழுகிறார்களாம்.
தேநீரை மூன்று முறை காய்ச்சினோம்.
மூன்றாவது குவளையில் சர்க்கரை மட்டும் மிச்சம்.

பிறகு மறுபடியும் கிடங்கு.
வலப்பக்க மூலை, கப்பலின் விலா எலும்பை ஒட்டி,
பதினோராவது அடுக்குக்குக் கீழே
ஒரு செருப்பு.
இடது கால். நீல வார்.
அறுந்த இடத்தில் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது.
பெருவிரல் அழுந்தி அழுந்தி
ரப்பரில் ஒரு சின்னக் கிண்ணம்.

"ஒற்றைக்காலன் ஏற்றிய கப்பலடா இது."
"மேஸ்திரி மேல் எறிந்திருப்பான், குறி தப்பியிருக்கும்."
"கடன்காரனைப் பார்த்து ஓடியிருப்பான்," இது கெர்ஃபல்லா,
அனுபவஸ்தன்.

நான் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அங்கே மட்டும் எல்லா மூட்டையின் வாயும்
உள்பக்கம் பார்த்துப் படுத்திருந்தது.
அப்படி அடுக்கினால் இழுக்கும்போது தையல் விடாது.
அடுக்குகிறவனுக்குத்தான் இடுப்பு விட்டுப்போகும்,
ஒவ்வொன்றையும் ஒரு முறை கூடுதலாகத் திருப்ப வேண்டும்.
இறக்கப்போகிறவனை நினைத்துச் செய்தானோ,
வீட்டில் தலையணை வைப்பதும் அப்படித்தானோ.

அந்த மூலையிலிருந்து ஒன்பது வலை போயிற்று.
ஒரு மணி சிந்தவில்லை.

கீழே, லாரிச் சக்கரங்களுக்கு நடுவே,
விளக்குமாறும் சல்லடையுமாக மபிந்தி நின்றாள்.
சிந்தினால்தான் அவளுக்குக் கூடை நிறையும்;
பாதி காவலனுக்கு, பாதி வீட்டுக்கு.
அண்ணாந்து கத்தினாள்:
"என்னடா, இன்றைக்கு எல்லாரும்
கல்யாணப் பெண்ணைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறீர்கள்?"

மூட்டையில் கைக்கொக்கி போடக் கூடாதென்பது உத்தரவு.
கெர்ஃபல்லா என்னைப் பார்த்தான்.
நான் ஏணியைப் பார்த்தேன்.
பத்தாவது வலை மேலே போகும்போது
வெள்ளையாய் ஒரு நூல் இறங்கியது,
மெல்ல, காற்றில் சாய்ந்து சாய்ந்து,
நேராக அவள் நின்ற பக்கம்.
பாங்குரா பென்சிலை நக்கி எழுதினான்:
கிழிசல், ஒன்று.
யார் கிழித்தது என்ற கட்டம் அவன் புத்தகத்தில் இல்லை.

அந்த அடுக்குக்காரன் இருந்திருந்தால்
எங்களை அடித்திருப்பான்.

ஐந்தாம் நாள் கிடங்கு காலி.
தரையைக் கூட்டி, விளிம்புகளைத் தட்டி,
கடைசிச் சாக்குக்கு எடை போட்டார்கள்.
கப்பல் அடுத்து எங்கே போகிறதென்று
மாலுமிகளுக்கே தெரியவில்லை.

நீலச் செருப்பு என் காலுக்குச் சரியாக இருந்தது.
அவனுடைய கிண்ணத்தில் என் விரல்
கொஞ்சம் தளர்வாக உட்கார்ந்தது.
கம்பி மட்டும் குத்தியது; பழகிவிடும்.
என்னுடைய பழைய இடதை,
குதிகால் தேய்ந்து மறுபக்கம் தெரிகிறதை,
விலா எலும்புக்குப் பின்னால் செருகிவிட்டு
ஏணியில் ஏறினேன்.

எங்கேயாவது எட்டுப் பேர் சிரிக்கட்டும்.