ஒற்றைகளின் கொடி

ஹல் நகரத்தில், மீன் வாடை இன்னும் விட்டுப்போகாத
அந்தத் தெருவுக்கு இரண்டு கரை.
வடக்கே ஒற்றைப்படை வீடுகள், ஒன்றிலிருந்து எண்பத்து மூன்று வரை.
தெற்கே இரட்டைப்படை.
தபால்காரி டெனிஸ் ஒரு கரையை முடித்த பிறகுதான்
மறு கரைக்குக் கடப்பாள்.
நடுவில் ஒரு சிகரெட்.

ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு.
இவற்றை 'ஆட்' என்பார்கள் அங்கே.
அதே சொல்லால்தான்
வெயிலிலும் மழைக்கோட்டோடு திரியும்
நாற்பதாம் எண் நெவில் பெக்கையும் சொல்வார்கள்.
(ஆட் மனிதர். வசிப்பது இரட்டைப்படைக் கரையில்.)
பக்கத்துப் பந்தயக் கடைக்காரன்
சொல்லின் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டி
குதிரைகளின் மேல் விற்கிறான்:
ஏழுக்கு இரண்டு, பதினொன்றுக்கு நான்கு.

என் மொழி கொஞ்சம் தாராளம்.
எண்ணுக்கு ஒற்றை.
மனுஷனுக்கு, "அவர் ஒரு மாதிரி".
பிரித்து வைத்துவிட்டோம் என்று நினைத்தால்
அந்த 'ஒரு'
எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.
நூறு ரூபாய் மொய் வைக்க மனம் வராமல்
மேலே ஒரு ரூபாய் வைத்துத்தான்
கவரை ஒட்டுகிறோம்,
சமமாகப் பிரிந்துவிடக் கூடாதென்று.

முப்பத்தேழாம் எண், ஈனிட் ஸ்டாதர்ஸின் சலவைக் கடை.
ஜன்னல் நெடுக ஒரு கொடி.
இயந்திரங்கள் விழுங்கி
ஒன்றை மட்டும் திருப்பித் தந்த காலுறைகள்
க்ளிப்பில் தொங்கும், நாற்பது சொச்சம்.
அந்தச் சொச்சத்துக்கும்
அதே சொல்தான் அவளுக்கு.

அம்மாவின் துணி உலரும்வரை
பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள் கெசியா, ஒன்பது வயது.
"ஒற்றையும் ஒற்றையும் கூட்டினால் இரட்டை. எப்பவும்."
தமிழில் எழுதினால்
கூட்டலுக்கான அவர்கள் சொல்லும் 'ஆட்'தான்.
அது அவளுக்குத் தெரியாது.
ஈனிட் நம்பவில்லை. மூன்றும் ஐந்தும். ஏழும் ஒன்பதும்.
தன் கதவும் தெருவின் கடைசிக் கதவும்:
முப்பத்தேழும் எண்பத்து மூன்றும், நூற்றிருபது.
"அப்படின்னா இதுங்க ஏன் சேரல?"
என்று கொடியைக் காட்டினாள்.
"சாக்ஸ் எண் இல்ல."
"சரி, பெருக்கினா?"
"பெருக்கினா ஒற்றைதான். அது அடுத்த பக்கம்."

நவம்பரில் ஒரு சாயங்காலம்
கண்ணாடிக்கு வெளியே நெவில் பெக்.
சாம்பல் நிறம், கடுகு மஞ்சள் குதிகால்:
"அது என்னது."
நான்கு வருஷம் முன்னால்,
ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் துணி மூட்டை சுமந்த
அந்த வாரத்தில் போனது.
ஈனிட் க்ளிப்பைத் தளர்த்தினாள்.
"இதன் ஜோடி இருக்கா?"
பதில் சொல்லாமல் தெருவைக் கடந்தார்.

மறுநாள் காலை வந்தார்.
மழைக்கோட்டுப் பையிலிருந்து எடுத்தார், இஸ்திரி போட்டது.
இரண்டையும் சேர்த்து
ஒன்றின் வாய்க்குள் மற்றதைச் செருகி உருட்ட
அவள் கை தயாரானபோது
"ஒரு க்ளிப் குடுங்க" என்றார்.
கொடியின் மறு கோடியில்
ஏதோ பையனின் கால்பந்துக் காலுறைக்குப் பக்கத்தில்
மாட்டினார்.
நடுவில் நாற்பது சொச்சம்.
கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.
தேநீர் வேண்டாமென்றார்.

நாலு மணிக்கு வந்த கெசியா எண்ணினாள்.
நாற்பத்து மூன்றை அழித்து
நாற்பத்து நான்கு என்று எழுதினாள்.
"இரட்டை ஆயிடுச்சு."
யாரோ ஏமாற்றியதுபோல் குரல்.
ஈனிட் ஒன்றும் சொல்லவில்லை,
ஐந்தாம் எந்திரத்துக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெளியே, இரண்டு கரைக்கும் நடுவில்
டெனிஸ் தீக்குச்சியைக் கிழித்தாள்.
ஜன்னலின் இந்தக் கோடியைப் பார்த்தாள்,
அந்தக் கோடியைப் பார்த்தாள்.
அந்தச் சொல்லைத்தான் சொன்னாள்.
எந்த அர்த்தத்தில் என்று
புகை கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.