ஒரு தரிப்பிடம் தள்ளி

பருத்தித்துறை மினிபஸ் இன்னும் வெளிக்கிடவில்லை.
மூன்றடி முன்னுக்குப் போகிறது,
இரண்டரையடி பின்னுக்கு வருகிறது,
ஏறியவர்களுக்கு ஒரு நம்பிக்கை தருவதற்காக.

நாளைக்குச் சோதனை. மடியில் கொப்பி.
நிலோஜி மிக்சர் சரையைப் பிரித்தபடி
"எல்லாம் சுத்துறதுதானே, பிறகேன் மூண்டு லூப்?" என்கிறாள்.

நவக்கிரகத்தை ஒன்பது தரம் சுற்றினால்
அது ஃபோர்.
காலெடுத்து வைக்கமுன்னமே கணக்கு முடிந்துவிட்டது.
சனீஸ்வரன் முறைத்தாலும் பத்தாவது கிடையாது.

இந்த பஸ், வைல்.
ஒரு சீற்றாவது வெறுமையாய்க் கிடக்கும்வரை நிற்கும்.
எவ்வளவு நேரமென்று சாரதிக்கும் தெரியாது.
வந்தவுடனேயே நிறைந்திருந்தால்
ஒரு நொடிகூட நின்றிராது.
கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிற குணம்.

டூ-வைல், உங்கட ஒழுங்கை முகப்பு வீட்டு நாய்.
முதலில் ஒரு கடி.
பிறகுதான் ஆளைப் பார்க்கும்.
தெரியாத ஆளென்றால் இன்னொன்று.

"தெரிஞ்ச ஆளெண்டால்?"
ஒன்றோடு விட்டுவிடும்.
நிலோஜி கணுக்காலைத் தடவிக்கொண்டாள்.
இனி இதை அவள் மறக்கமாட்டாள்.

சீற் எல்லாம் நிறைந்தும் பஸ் அசையவில்லை.
நடத்துநர் நிபந்தனையை மாற்றிவிட்டார்:
"உள்ளுக்குப் போங்கோ, நடுவில இடம் கிடக்கு."
இடம் என்பது அவர் சொன்னால் இருக்கும்.
ஒருநாளும் பொய்யாகாத நிபந்தனை;
கொப்பியில் முடிவிலி என்று எழுதியிருப்பது
இந்த வியர்வையைத்தான்.

பின்னால் இ.போ.ச. பஸ் வந்து ஹோன் அடித்தது.
தகரத்தில் இரண்டு தட்டு. "றைட்!"
"இப்ப நடந்தது என்ன?"
பிரேக், என்றேன்.
"பிரேக் போட்டால் நிக்கவெல்லோ வேணும்?"
லூப் நிற்கும். பஸ் ஓடும்.

கல்வியங்காட்டில் அவள் இறங்கிப்போனாள்.
கைக்குழந்தையோடு ஏறிய ஒருத்திக்கு
இருக்கையைக் கொடுத்து எழும்பினேன்.
முழங்கைகளுக்கும் மரக்கறி உரப்பைக்கும் நடுவில்
வெளி தெரியவில்லை.
ஒன்றும் விடாமல் நிற்கிற பஸ்தானே,
தரிப்பிடங்களை எண்ணினேன்.
என் வீட்டுக்கு ஐந்தாவது.
படித்த பழக்கத்தில்
பூச்சியம், ஒன்று, இரண்டு...

ஐந்தென்று சொல்லி இறங்கியபோது
எங்கள் சந்தி பின்னால் கிடந்தது.
தார் உருகும் வெயில்.
கொப்பியைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு
திரும்பி நடக்கிறேன்.

நிலோஜிக்கு இதைச் சொல்வதாயில்லை.